ஐகான் மூலையில் ஒரு குறி: ஒட்டியது யார்?

விண்டோஸில் ஒரு ஃபைலின் மேல் புதிதாக ஒரு குறி முளைத்தால் அதற்கு விளக்கம் எங்கேயும் எழுதியிருக்காது. மௌஸை மேலே கொண்டுபோய் நிறுத்தினால் அளவும் தேதியும் வரும். குறியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. உடனே மனசு வைரஸ் பக்கம் போகும். வில்லங்கம் அதற்கப்புறம்தான். யாரோ சொன்ன ‘கிளீனர்’ ஒன்றை இறக்கி ஓட்டுவார்கள், அல்லது பேசாமல் ஃபார்மேட் அடித்துவிடுவார்கள். இந்தக் குறிகளில் முக்கால்வாசி தொந்தரவில்லாதவை. ஆனால் மஞ்சள் பூட்டு போட்ட ஃபைல்கள் டி டிரைவில் இருக்க, சி டிரைவை ஃபார்மேட் அடித்துவிட்டால் கதை வேறு. ஃபைல் கண்ணெதிரே இருக்கும், பெயர் இருக்கும், அளவு இருக்கும், திறக்கவே திறக்காது.

அதனால் முதல் கேள்வி ‘இது என்ன குறி?’ என்பது இல்லை, ‘இதை ஒட்டியது யார்?’ என்பதுதான். ஒட்டுகிறவர்கள் மூன்று பேர்தான்: டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டம், விண்டோஸ், நாம் நிறுவிய ஏதாவது ஒரு மென்பொருள்.

கண்டுபிடிக்க முதல் வழி மூலையைப் பார்ப்பது. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மௌஸ் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டுங்கள், ஐகான்கள் பெரிதாகும். சின்ன ஐகானில் எல்லாக் குறியும் ஒன்றுபோலத் தெரியும், பெரிதாக்கினால்தான் இடம் புரியும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மேல் வலது மூலையில் இருப்பது ஃபைல் சிஸ்டம் ஒட்டியது. கீழ் இடது மூலை, ஷார்ட்கட் அம்புக்கும் ஃபைல்களை இணையத்திலும் வைக்கும் ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி மென்பொருள்களுக்கும் உரிய இடம். கீழ் வலது மூலையில் கேடயம் வரும், அல்லது படங்களின் முன்னோட்டத்தின் மேல் அதைத் திறக்கும் மென்பொருளின் குட்டிப் படம் வரும்.

இரண்டாவது வழி நகலெடுத்துப் பார்ப்பது. சி டிரைவில் நேராகப் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, சந்தேகமான ஃபைலைக் காப்பி செய்து அங்கே பேஸ்ட் செய்யுங்கள். கட் செய்ய வேண்டாம். பச்சை டிக், மேகம், சிவப்புப் புள்ளி போன்றவை புது இடத்தில் காணாமல் போனால், அவை அந்தப் பழைய ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டிருக்கும் மென்பொருளின் வேலை. குறியும் கூடவே வந்தால் அது அந்த ஃபைலோடு ஒட்டியது. நீல அம்புகள் மட்டும் இந்தச் சோதனையில் ஏமாற்றும். ஏன் என்று கீழே வருகிறது.

இரண்டு நீல அம்புகள்

மேல் வலது மூலையில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சின்ன நீல அம்புகள் இருந்தால், அந்த ஃபைல் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஜிப் ஃபைல் மாதிரி தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. திறக்கும்போது விண்டோஸே விரித்துக் கொடுக்கும், சேமிக்கும்போது சுருக்கும். அதற்கு முந்தைய விண்டோஸ்களில் இதைக் காட்ட ஃபைலின் பெயரை நீல நிறத்தில் எழுதுவார்கள். விண்டோஸ் 10-இல்தான் இந்த அம்பு வந்தது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த அதே ஃபைல்கள் புதிய விண்டோஸில் திடீரென்று அம்போடு தெரிய இதுவும் ஒரு காரணம்.

யார் சுருக்கியது? பெரும்பாலும் இடம் பற்றாமல் தவித்த ஏதோ ஒரு நாளில், சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ‘இந்த டிரைவைச் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்து’ என்ற கட்டத்தில் யாரோ டிக் போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு அங்கே உருவாகும் ஒவ்வொரு புது ஃபைலும் சுருங்கியே பிறக்கும். என்டிஎஃப்எஸ் விதி இப்படி: காப்பி செய்தால் போகிற ஃபோல்டரின் குணம் வரும். அதே டிரைவுக்குள் இடம் மாற்றினால் பழைய குணம் கூடவே போகும். அதனால்தான் புது ஃபோல்டர் சுருக்கப்படாததாக இருந்தால் நகல் சோதனையில் அம்பு மறைந்துவிடுகிறது, கட் செய்து ஒட்டினால் கூடவே வந்து நிற்கிறது.

வேண்டாம் என்றால் எடுக்கும் வழி: ஃபோல்டரை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல் பக்கத்தில் அட்வான்ஸ்டு பொத்தான், ‘கம்ப்ரஸ் கன்டென்ட்ஸ்’ என்று தொடங்கும் வரியில் டிக்கை நீக்கி ஓகே, பிறகு அப்ளை. ‘உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள், ஃபைல்கள் எல்லாவற்றுக்குமா?’ என்று கேட்கும்போது ஆம் என்ற இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால் ஃபோல்டரில் மட்டும் அம்பு போகும், உள்ளே இருப்பவை அப்படியே கிடக்கும். ‘எடுத்தேன், போகவில்லை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்.

எடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். அதே ப்ராப்பர்ட்டீஸில் ‘சைஸ்’, ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 40 ஜிபி, இரண்டாவது 28 ஜிபி என்றால், விரித்த பிறகு கூடுதலாக 12 ஜிபி தேவை. டிரைவில் 10 ஜிபிதான் காலி என்றால் பாதி வழியில் நின்றுவிடும். நின்றால் ஃபைல்கள் கெடாது, ஆனால் சி டிரைவ் நிரம்பிப்போய் மற்ற வேலைகள் தடுமாறும். முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, ஒரு ஃபோல்டராகச் செய்வதே நல்லது.

எடுக்கத்தான் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. வேர்டு, டெக்ஸ்ட் ஃபைல்களுக்கு இந்தச் சுருக்கம் உண்மையிலேயே இடம் மிச்சப்படுத்தும். ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோக்களும் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றில் ஒன்றும் மிஞ்சாது. கணக்கு மென்பொருளின் டேட்டா, அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் மாதிரி எந்நேரமும் நடுவில் எழுதப்படும் பெரிய ஃபைல்களில் மட்டும் இது கெடுதல். வழக்கமான 4 கேபி கிளஸ்டர் (டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் அலகு) கொண்ட டிஸ்க்கில், சுருக்கம் 64 கேபி துண்டுகளாக நடக்கிறது. ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தத் துண்டை விரித்து, மாற்றி, மறுபடி சுருக்கி எழுத வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர், சுருக்கிய டிரைவில் எழுதும்படியான டேட்டாபேஸை வைக்கவே ஒத்துக்கொள்வதில்லை.

சி டிரைவை மொத்தமாகச் சுருக்குவதில் இன்னொரு ஆபத்து: துவக்க ஃபைலும் சேர்ந்து சுருங்கிவிட்டால், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ‘பூட்மேனேஜர் சுருக்கப்பட்டுள்ளது’ என்ற ஆங்கில வரி வந்து அதோடு நின்றுவிடும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் துவக்கி ஸ்டார்ட்அப் ரிப்பேர் செய்தால்தான் மீளும்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் 179 என்ற எண்ணில் வெற்று ஐகானைக் கொடுத்து அம்பை மறைக்கும் வித்தை ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அம்பு கண்ணுக்கு மறையும், சுருக்கம் அப்படியே இருக்கும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைத்த கதைதான்.

மஞ்சள் பூட்டு

அதே மேல் வலது மூலையில் பூட்டு இருந்தால் அந்த ஃபைல் விண்டோஸின் இஎஃப்எஸ் முறையில் பூட்டாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யப்பட்டது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கும் வசதி. ஹோம் பதிப்பில் இந்தக் கட்டம் மங்கலாகவே இருக்கும், ப்ரோ பதிப்பில் வேலை செய்யும். அட்வான்ஸ்டு பெட்டியில் சுருக்கும் கட்டத்துக்கு நேர் கீழே இதன் கட்டம் இருப்பதால், மேலே போட வேண்டிய டிக்கைக் கீழே போட்டுவிட்டவர்கள் ஏராளம். இரண்டையும் ஒரே ஃபைலுக்குப் போட முடியாது. ஒன்றைப் போட்டால் மற்றது தானாக நீங்கும்.

இதில் கடவுச்சொல் கேட்காது. அதுதான் சிக்கலே. உங்கள் கணக்கில் நுழைந்திருக்கும்வரை ஃபைல் வழக்கம்போலத் திறக்கும், மின்னஞ்சலில் அனுப்பினால் பூட்டில்லாமலே போய்ச் சேரும். அதனால் பூட்டு இருப்பதே மறந்துபோகும். சாவி உங்கள் விண்டோஸ் கணக்குக்குள் ஒரு சான்றிதழாக உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸை மறுபடி நிறுவினால் அந்தச் சாவி போய்விடும். அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு புதுக் கணக்கு தொடங்கினாலும் அது வேறு கணக்குதான். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓனர்ஷிப் எடுத்தாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் ‘ஆக்சஸ் டினைடு’தான். லோக்கல் கணக்கின் கடவுச்சொல்லை நீங்களே மாற்றினால் பாதகமில்லை. இன்னொரு அட்மின் உங்கள் கடவுச்சொல்லை ரீசெட் செய்தால் சாவி கைவிட்டுப் போகும். அந்த நேரத்தில் விண்டோஸ் எச்சரிக்கிறது, யாரும் படிப்பதில்லை.

ஆகவே பூட்டுக் குறியைப் பார்த்த அன்றே செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. பூட்டு வேண்டாம் என்றால் அதே அட்வான்ஸ்டு பெட்டியில் டிக்கை நீக்கி, உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் என்று சொல்லி ஓகே கொடுங்கள். வேண்டும் என்றால் சாவியை வெளியே எடுத்து வையுங்கள். கண்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ் பக்கத்தின் இடது ஓரத்தில் ‘மேனேஜ் யுவர் ஃபைல் என்க்ரிப்ஷன் செர்ட்டிஃபிகேட்ஸ்’ என்று இருக்கும். அது காட்டும் வழியில் போனால் பிஎஃப்எக்ஸ் என்ற நீட்சியுள்ள ஒரு சிறிய ஃபைல் கிடைக்கும். அதற்கு ஒரு கடவுச்சொல் வைத்து, இந்தக் கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு பென் டிரைவில் வைக்க வேண்டும். அதே டி டிரைவில் பூட்டிய ஃபைலுக்குப் பக்கத்திலேயே வைத்து அதையும் பூட்டிக்கொண்டவர்களும் உண்டு.

எங்கெங்கே பூட்டிய ஃபைல் இருக்கிறது என்று ஒட்டுமொத்தமாகத் தெரிய, கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்டில் ‘சைஃபர் /யூ /என்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் பட்டியல் வரும். சைஃபரின் எழுத்துகள் சி, ஐ, பி, எச், இ, ஆர். எந்த ஃபார்மேட்டுக்கும் முன்னால் இதை ஓட்டிவிட வேண்டும். ஓடி முடியச் சில நிமிடங்கள் ஆகும், அவ்வளவுதான். இன்னொன்று: விண்டோஸ் 10, 11-இல் பூட்டிய ஃபைலைச் சாதாரண பென் டிரைவுக்குக் காப்பி செய்தால், பெயரின் கடைசியில் ‘பிஃபைல்’ என்ற நீட்சி சேர்ந்து பூட்டோடே போகக்கூடும். பென் டிரைவில் நகல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஃபார்மேட் அடித்தால் நகலும் திறக்காது. இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே அதை நகல் என்று நம்பலாம்.

விண்டோஸ் 7-இல் ஃபோல்டர் மேல் இருந்த பூட்டு வேறு. பகிர்ந்திருக்கும் இடத்துக்குள் இந்த ஒன்று மட்டும் தனியார் சொத்து, மற்றவர்களுக்குத் தெரியாது என்று மட்டும் அது சொன்னது. அதேபோல எக்ஸ்பியில் ஃபோல்டரைத் தாங்கும் கை, ‘நெட்வொர்க்கில் பகிரப்பட்டது’ என்று பொருள். பழைய கட்டுரைகளைப் படித்துப் புதிய விண்டோஸில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

கீழ் இடது மூலை, முதலில் ஷார்ட்கட்

வளைந்த அம்பு ஷார்ட்கட் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் டெஸ்க்டாப்பிலிருந்து ப்ராஜெக்ட் ஃபோல்டரை பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய், கல்லூரியில் திறந்தால் ஒன்றுமில்லை என்ற நிலை இன்றும் நடக்கிறது. அம்பு இருந்தால் அதன் எடை ஓரிரண்டு கேபிதான். வலது கிளிக்கில் ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுத்து அசலைப் பிடித்து அதைக் காப்பி செய்ய வேண்டும்.

பென் டிரைவில் இருந்த எல்லா ஃபோல்டர்களுக்கும் ஒரே நாளில் அம்பு வந்திருந்தால் மட்டும் அது நிஜமாகவே வைரஸ். பிரவுசிங் சென்டரில், ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்த பென் டிரைவில் இது சகஜம். அசல் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைத்துவிடும். அதை டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் உங்கள் கம்ப்யூட்டரில் இறங்கும். அதனால் திறக்காமல், வலது கிளிக்கில் ப்ராப்பர்ட்டீஸ் போய் ‘டார்கெட்’ வரியைப் பாருங்கள். அங்கே சிஎம்டி, டபிள்யூஸ்க்ரிப்ட் என்ற பெயர்கள் தென்பட்டால் உறுதி.

மீட்கும் முறை: முதலில் ஆன்டிவைரஸில் பென் டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பென் டிரைவின் எழுத்து இ என்றால் ‘இ:’ என்று அடித்து என்டர். அடுத்து ‘அட்ரிப் -எச் -ஆர் -எஸ் /எஸ் /டி *.*’ என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அட்ரிப்பின் எழுத்துகள் ஏ, டி, டி, ஆர், ஐ, பி. ஒவ்வொரு குறிக்கும் முன்னால் ஓர் இடைவெளி. இதில் எச் மறைவையும் எஸ் சிஸ்டம் குணத்தையும் நீக்குகின்றன. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துத்தான் நீக்க வேண்டும், எச் மட்டும் கொடுத்தால் ‘சிஸ்டம் ஃபைல், மாற்ற முடியாது’ என்று மறுத்துவிடும். மறைந்த ஃபைல்களைக் காட்டு என்ற சாதாரண அமைப்பை மட்டும் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போவதும் இந்த சிஸ்டம் குணத்தால்தான். சில சமயம் அசல் ஃபைல்கள் எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். பெயராக ஒரு வெற்று எழுத்தை வைத்திருப்பார்கள். உள்ளே போய் எடுத்துவிட்டு, அம்பு போட்டவற்றை அழிக்கலாம்.

ஒரே பச்சை டிக், மூன்று அர்த்தம்

டெஸ்க்டாப் ஐகான்கள் எல்லாவற்றிலும் பச்சை டிக் வந்துவிட்டது என்றால், அநேகமாக ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் நீல மேகம் என்றால் ஃபைல் இணையத்தில் மட்டும் இருக்கிறது, பெயர்தான் இங்கே. வெள்ளை வட்டத்துக்குள் பச்சை டிக் என்றால் ஒருமுறை திறந்ததால் இங்கே இறங்கியிருக்கிறது, இடம் போதாவிட்டால் மறுபடி மேகமாகலாம். முழுப் பச்சை வட்டத்துக்குள் வெள்ளை டிக் என்றால் நீங்கள் சொன்னபடி எப்போதும் இங்கேயே இருக்கும். இணையம் இல்லாத ஊருக்குப் போகும்போது இந்த இரண்டு டிக்குகளுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய வித்தியாசம். வேண்டிய ஃபோல்டரை வலது கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்து, முழுப் பச்சை ஆகும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இதே பச்சை டிக் டிராப்பாக்ஸில் ‘இணையத்தோடு ஒத்துப்போகிறது’ என்று சொல்லும். டார்ட்டாய்ஸ் எஸ்விஎன், டார்ட்டாய்ஸ் கிட் பயன்படுத்தும் நிரலாளர்களுக்கு ‘கடைசியாகப் பதிந்ததற்குப் பிறகு மாற்றம் இல்லை’ என்று மட்டும் சொல்லும். அது எங்கேயும் பிரதி எடுத்துவிட்டதாகச் சொல்லவில்லை. டிக் இருக்கிறதே என்று லேப்டாப்பைத் துடைத்துவிட்டு, சர்வருக்கு அனுப்பாத வேலையைத் தொலைப்பது இப்படித்தான்.

ஒன்டிரைவில் சிவப்பு வட்டத்துக்குள் எக்ஸ் என்றால் ஒத்திசைவு நடக்கவில்லை. பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி போன்ற எழுத்து, பெயரின் முன்னோ பின்னோ இடைவெளி, அல்லது பாதையின் நீளம் காரணமாக இருக்கும். தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்த நீளம். பழைய விண்டோஸ் மென்பொருள்களுக்கு முழுப் பாதை 260 குறிகளுக்குள் இருக்க வேண்டும், ஒன்டிரைவில் 400. நாம் ஓரெழுத்து என்று எண்ணுவதை யுனிகோடு பெரும்பாலும் இரண்டாக எண்ணுகிறது. ‘தமிழ்நாடு’ நமக்கு ஐந்தெழுத்து, கம்ப்யூட்டருக்கு ஒன்பது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஐந்தாறு நிலைகள் நீண்ட தமிழ்ப் பெயரோடு போனால் 260 சீக்கிரம் தீர்ந்துவிடும். மேல் ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்கினால் சிவப்பு போய்விடும்.

டெஸ்க்டாப்பை ஒன்டிரைவிடமிருந்து திரும்ப எடுக்க, கடிகாரத்தின் பக்கம் இருக்கும் மேகத்தைக் கிளிக் செய்து செட்டிங்ஸ், ‘சிங்க் அண்ட் பேக்கப்’, ‘மேனேஜ் பேக்கப்’ போய் நிறுத்த வேண்டும். பல பதிப்புகளில் நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகிவிடும். பதற வேண்டாம். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரில் இருக்கும், அங்கிருந்து நகர்த்திக்கொள்ளலாம். முதலில் மேகக் குறி உள்ளவற்றை இறக்கிவிட்டு நகர்த்துங்கள். அழித்துவிட்டால் இணையத்திலும் அழியும். தனிநபர் கணக்கில் 30 நாள், அலுவலகக் கணக்கில் 93 நாள்வரை இணையத்துக் குப்பைத்தொட்டியில் தேடலாம்.

அலுவலக சர்வரில் ஃபைல்கள் மேல் சாம்பல் நிற எக்ஸ் இருந்தால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி எடுக்காதீர்கள். ‘ஆஃப்லைன்’ என்ற குணம் ஒட்டிய ஃபைல்கள் அவை. உள்ளடக்கம் ஒரு காப்பகத்துக்குப் போய்விட்டது, இங்கே இருப்பது கூடு. ஒவ்வொன்றைத் தொடும்போதும் காப்பகத்திலிருந்து இழுத்து வரும், ஆயிரக்கணக்கில் தொட்டால் சர்வர் மூச்சுத் திணறும். அட்ரிப் கட்டளையில் ஓ என்ற எழுத்தை நீக்கினால் எக்ஸ் மறையும், ஆனால் உள்ளடக்கம் அதனால் திரும்பி வராது.

வர வேண்டிய குறி வராதபோது

இது எதிர்ப்பக்கப் புகார்: டிராப்பாக்ஸ் டிக் திடீரென்று காணோம், டார்ட்டாய்ஸ் குறிகள் போய்விட்டன. காரணம் வினோதமானது. விண்டோஸ் ஒவ்வோர் ஐகானோடும் குறியின் எண்ணை நான்கு பிட்டுகளில் வைக்கிறது. நான்கு பிட்டில் 16 மதிப்புகள், அதில் பூஜ்யம் ‘குறி இல்லை’ என்பதற்குப் போனால் மிச்சம் 15. நான்கை விண்டோஸே வைத்துக்கொள்கிறது. மீதி 11 இடத்துக்குத்தான் எல்லா மென்பொருள்களும் அடித்துக்கொள்ள வேண்டும். ஒன்டிரைவ் மட்டும் ஏழு பதிகிறது, டிராப்பாக்ஸ் பத்து வரை, டார்ட்டாய்ஸ் ஒன்பது. கூட்டிப் பாருங்கள்.

யாருக்கு இடம் என்பதை அகரவரிசை முடிவு செய்கிறது. ஆகவே மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் பெயருக்கு முன்னால் இடைவெளிகளைச் சேர்த்து வரிசையில் முந்துகின்றன. ஒருவர் ஓர் இடைவெளி போட்டால் அடுத்தவர் இரண்டு, அதற்கடுத்தவர் மூன்று. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் அதே தந்திரம்தான், உலகத்தின் பெரிய நிறுவனங்களே செய்கின்றன.

சரிசெய்ய ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கி ‘ஷெல்ஐகான்ஓவர்லேஐடென்டிஃபையர்ஸ்’ என்ற கிளையைத் திறங்கள். முதலில் அதை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். வேண்டாத மென்பொருளின் பெயருக்கு முன்னால் ஒரு இசட் எழுத்தைச் சேர்த்தால் அது வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அழிப்பதைவிட இது நல்லது, திரும்பக் கொண்டுவரலாம். பிறகு டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்தால் மாற்றம் தெரியும். ரெஜிஸ்ட்ரியைத் தொட விருப்பமில்லாதவர்களுக்கு நிர்சாஃப்ட் தரும் ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ‘ஐகான் ஓவர்லே ஹேண்ட்லர்’ வகைகளைத் தேர்ந்து எஃப்7 அடித்தால் முடங்கும். புரியாத குறியை ஒட்டியது யார் என்று கண்டுபிடிக்கவும் இந்தப் பட்டியலே மிக நல்ல இடம், மென்பொருளின் பெயர் அப்படியே இருக்கும். எந்த மென்பொருளும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது தன் இடைவெளிகளோடு திரும்ப வந்து நிற்கும் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கேடயமும் மற்றவையும்

கீழ் வலது மூலையின் நீல-மஞ்சள் கேடயத்துக்கும் ஆன்டிவைரஸுக்கும் சம்பந்தமில்லை. இந்த மென்பொருளை ஓட்ட அட்மின் அனுமதி கேட்கும் என்பதே பொருள். வேடிக்கை என்னவென்றால், அனுமதி விவரம் எதுவும் எழுதப்படாத பழைய 32 பிட் மென்பொருளின் பெயரில் ‘செட்டப்’, ‘இன்ஸ்டால்’, ‘அப்டேட்’ என்ற சொல் இருந்தாலே விண்டோஸ் அதை நிறுவி என்று ஊகித்துக் கேடயம் ஒட்டிவிடும். பெயரை மாற்றினால் பெரும்பாலும் கேடயம் போய்விடும்.

டிரைவ் ஐகானில் இருக்கும் பூட்டு, முழு டிரைவையும் பூட்டாக்கம் செய்யும் பிட்லாக்கர். மூடிய தங்கப் பூட்டு என்றால் சாவி கேட்கும் நிலை, திறந்த சாம்பல் பூட்டு என்றால் பூட்டாக்கம் உண்டு, இப்போது திறந்திருக்கிறது. மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி வந்தால் பூட்டு போட்டு, சாவியைக் கதவிலேயே விட்டிருக்கிறார்கள் என்று பொருள். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் லோக்கல் கணக்கு வைத்தால் அப்படியே நிற்கும், பயாஸ் அப்டேட்டுக்காகத் தற்காலிகமாக நிறுத்தியபோதும் வரும். கண்ட்ரோல் பேனலின் பிட்லாக்கர் பக்கத்தில் தொடரலாம், அல்லது செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ போய் மொத்தமாக எடுத்துவிடலாம். தொடர்வதாக இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத் தொடருங்கள்.

மங்கலான ஐகான் மறைந்த ஃபைல். வேர்டு ஆவணத்துக்குப் பக்கத்தில் அலைக்கோடும் டாலர் குறியும் முன்னால் வைத்து மங்கலாகத் தெரியும் குட்டி ஃபைல், அந்த ஆவணத்தை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம். மூடியதும் தானே போகும். வேர்டு முறிந்து நின்றதால் தங்கிவிட்டால் கையால் அழிக்கலாம்.

மேக்கில் பூட்டு என்றால் ‘கெட் இன்ஃபோ’வில் ‘லாக்ட்’ கட்டம் டிக்காகியிருக்கிறது, எடுத்தால் போதும். மேகமும் கீழ்நோக்கிய அம்பும் ஐகிளவுடில் இருந்து இன்னும் இறங்காதது. ஃபோல்டரில் சிவப்பு வட்டத்துக்குள் கோடு என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. செயலியின் மேல் குறுக்குக் கோட்டோடு வட்டம் என்றால் இந்த மேக்ஓஎஸ்ஸில் அது ஓடாது. 2019-இல் கேட்டலினா வந்தபோது பழைய 32 பிட் செயலிகளுக்கெல்லாம் இது விழுந்தது. உபுண்டுவில் பூட்டு எழுத அனுமதி இல்லை என்றும், எக்ஸ் படிக்கவே அனுமதி இல்லை என்றும் சொல்லும்.

கடைசியாக, மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் குறி தங்கிவிட்டால் அது விண்டோஸ் சேமித்து வைத்த பழைய படம். யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், எக்ஸ்ப்ளோரர் என்று போனால் ‘ஐகான்கேஷ்’ என்று தொடங்கும் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். எக்ஸ்ப்ளோரர் ஓடும்போது அவற்றை அழிக்க விடாது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அந்த ஃபோல்டருக்குப் போய் வைத்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்தி, ‘டெல் ஐகான்கேஷ்*’ அடித்துவிட்டு, டாஸ்க் மேனேஜரின் ‘ரன் நியூ டாஸ்க்’ வழியாக எக்ஸ்ப்ளோரரை மறுபடி கிளப்புங்கள். முதல் சில நிமிடங்கள் ஐகான்கள் வெள்ளைத் தாளாகத் தெரிந்து ஒவ்வொன்றாக நிறம் பெறும். அதற்குள் பயந்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை.